சான்று விதை விற்பனை: விதிகளும் குடியானவர் கவனிக்கத்தக்கவையும்

சாகுபடிச் செலவுகள் யாவற்றுள்ளும் விதைக்கு ஆகும் செலவு சொற்பமானது. உழவு, நடவு, எரு, களையெடுப்பு, அறுவடைக் கூலி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் நெல் விதையின் விலை ஒரு சிறு பகுதியே. ஆயினும் விதை கெட்டால் மற்றச் செலவுகள் அனைத்தும் அதனோடு கெடுகின்றன. எருவில் குறை இருந்தால் அடுத்த மேலுரத்தில் ஓரளவு ஈடு செய்யலாம். வாய்க்காலில் நீர் குறைந்தால் மழையை எதிர்பார்க்கலாம். விதையில் உள்ள இனக் கலப்போ கதிர் வெளிவரும் வரையில் கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகும்போது பருவம் கடந்துவிடுகிறது. வாங்குகிறவர் கண்ணால் பார்த்தும் கையால் அளைந்தும் தீர்மானிக்க இயலாத சரக்கு ஆகையினாலேயே, மற்றத் தானிய வியாபாரத்துக்கு இல்லாத தனிச் சட்டமொன்று விதை வியாபாரத்துக்கு ஏற்பட்டுள்ளது. அச்சட்டத்தின் சாரத்தையும், நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எடுத்துரைப்போம்.

முற்காலத்தில் இத்தகைய சட்டம் இருந்ததில்லை. கோயமுத்தூரில் 1912-ஆம் ஆண்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, 1921-இல் ஜி.இ.பி. 24 என்னும் இரகம் வெளியான பின்பு, நல்ல விதையைக் குடியானவர்களிடம் கொண்டு சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் இலாகாவே தன் பண்ணைகளின் மூலமாகவும் விதைக் கிடங்குகளின் மூலமாகவும் செய்துவந்தது. விற்பவர் அரசினராகவே இருந்தபடியால் நம்பிக்கையே போதுமானதாயிருந்தது. 1963-இல் தேசிய விதைக் கழகம் தோன்றியது; ஒட்டு மக்காச்சோளம், ஒட்டுக் கம்பு முதலியன பரவின; தனியார் உற்பத்தியும் விற்பனையும் பெருகின. அப்போதுதான் வாங்குகிறவருக்குச் சட்டத்தின் துணை தேவையாயிற்று. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் இயற்றப்பட்டது. 1968-இல் அதன் விதிகள் வகுக்கப்பட்டன. 1969 அக்டோபர் 2-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. பின்னர் 1983-ஆம் ஆண்டு டிசம்பரில், அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ், விதை கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டு, விதை வியாபாரிகள் உரிமம் பெற வேண்டுமென்று ஏற்பட்டது. கீழே சொல்பவை பெரும்பாலும் இம்மூன்றிலிருந்தும் எடுத்தவை.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்வது நலம். கடையில் விற்கும் விதை யாவும் சான்று பெற்றிருக்க வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சான்று பெறுவது உற்பத்தி செய்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. விபர அட்டை இடுவதோ கட்டாயம். அறிவிக்கை செய்யப்பட்ட பயிர் அல்லது இரகத்தின் விதையை விற்பவர் எவராயினும், அது இன்ன இரகம் என்று அடையாளம் காட்டக்கூடியதாயும், குறைந்தபட்ச முளைப்புத்திறனும் சுத்தமும் உடையதாயும், அவ்விவரங்களை மெய்யாகக் காட்டும் அட்டை மூட்டையின் மேல் இருப்பதாயும் வைத்திருத்தல் வேண்டும் என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவு விதிக்கிறது. விற்பவர் தம் சொந்தப் பொறுப்பில் அட்டை இட்டு விற்பது உண்மை நிலை விதை எனப்படும். அரசினரின் விதைச்சான்றுத் துறை வயலையும் விதையையும் பரிசீலித்து, தன் அட்டையையும் முத்திரையையும் இட்ட பின்பு விற்பது சான்று விதை. உண்மை நிலை விதைக்கும் அதே குறைந்தபட்ச முளைப்புத்திறன் இருக்கவேண்டும் என்பது மெய்யே; ஆனால் அப்பயிர் வயலில் நின்றபோது சான்றுத் துறையினர் எவரும் சென்று பார்த்தவரில்லை. வேற்றுமை அவ்வளவே, ஆனால் அது பெரிய வேற்றுமை.

ஏனெனில் முளைப்புத்திறனைப் பரிசோதனைச் சாலையில் சில தினங்களில் அறிந்துவிடலாம். இனத்தூய்மையை அவ்வாறு அறிவது கடினம். ஒரே நிறமும் ஒரே நீளமும் உள்ள இரண்டு நெல் இரகங்களை மணியைப் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் எளிதன்று. வயலில் அவை நிற்கும்போதோ உயரம், இலையின் சாய்வு, பூக்கும் நாள், கதிரின் வடிவம் இவற்றால் தாமே வேறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆகவே சான்றளிப்பு என்பது மூட்டையில் தொடங்குவதன்று; விதைப்பண்ணையில், அதற்கும் முன்னே அப்பண்ணைக்கு வாங்கிய விதையில் தொடங்குகிறது. வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதையும், ஆதார விதையிலிருந்து சான்று விதையும் உண்டாக்கப்படுகின்றன. முதல் நிலை ஆதார விதைக்குப் பின் மூன்று தலைமுறைகளுக்கு மேல் சான்றளிக்க விதிகளில் இடமில்லை. விதைப்பண்ணை வைக்க விரும்பும் மிராசுதார், தாம் விதைத்த விதையின் அட்டைகளையும் விலைச்சீட்டையும் பத்திரப்படுத்தி, விதைப்பறிக்கையுடன் பூக்கும் பருவத்துக்கு நெடுநாள் முன்னரே விதைச்சான்று உதவி இயக்குநரிடம் காட்டவேண்டும். விதையின் மூலம் தெரியாத வயல் எவ்வளவு செழிப்பாக இருப்பினும் பதிவுக்கு ஏற்கப்படமாட்டாது.

வயலாய்வில் பார்க்கப்படுபவை முக்கியமாக இரண்டு. ஒன்று பயிர் விலகு தூரம். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராதலால், மற்ற இரக நெல் வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி போதும். பருத்திச் சான்று விதைப்பண்ணைக்கு 30 மீட்டர் வேண்டும். அயல் மகரந்தத்தை நாடும் கம்பில், ஒட்டல்லாத இரகங்களுக்கே 200 மீட்டர் வேண்டும். அண்டை வயல்காரர் என்ன விதைக்கப்போகிறார் என்பதை முன்னதாகக் கேட்டறியாமல் கம்பு விதைப்பண்ணை வைப்பவர், பூக்கும் காலத்தில் வயல் தள்ளுபடியானபின் வருந்தி யாது பயன்? மற்றொன்று கலவன். நெல்லில் சான்று விதைக்கு நூற்றுக்கு 0.20 வரையில்தான் கலவன் இருக்கலாம். அதாவது 500 செடிக்கு ஒன்று. சதுர மீட்டருக்கு 33 குத்து வீதம் நட்ட ஏக்கரில் சுமார் 1,33,000 குத்துகள் நிற்கும். அவற்றுள் 266 குத்துகளே எல்லை. கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றினாலும், முந்திய போகத்தில் உதிர்ந்த நெல் முளைத்து வளரும் வயலில் இவ்வெல்லை விரைவில் தாண்டிவிடும். ஆதார விதைக்கு எல்லை 0.05 மாத்திரமே. காட்டு நெல் விஷயத்தில் கண்டிப்பு இன்னும் அதிகம்: சான்று விதை வயலில் நூற்றுக்கு 0.02-க்கு மேல் இருத்தலாகாது. முற்றியதும் தானே உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும் இயல்புடையதாதலின், ஒருமுறை வயலுக்குள் புகுந்தால் பல ஆண்டுகள் அது நீங்குவதில்லை. நெல்லுக்குப் பூத்தது முதல் அறுவடை வரையில் குறைந்தது இரண்டு ஆய்வுகள் நடைபெறும். கலவன் மிகுதியாயிருப்பதாகக் கண்டால், அவற்றை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தி மறு ஆய்வு கோரவும் வழி உண்டு.

இவ்வளவு சிரமப்பட்டுக் காத்த தூய்மையைக் களத்தில் ஒரே நாளில் இழப்பவர்களும் இருக்கின்றனர். முந்திய தினம் வேறு இரகம் அறுத்த அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் விதைப்பண்ணையில் இறக்குவது மிகவும் சாதாரணமாகிவிட்டது. இயந்திரத்தின் உட்புறத்தில் தங்கும் நெல் கொஞ்சமன்று. விதைநெல் கிலோ ஒன்றில் ஏறக்குறைய 50,000 மணிகள் உண்டு. அதில் வேறு இரகமெனப் பிரித்தறியத்தக்க மணி 20-க்கு மேல் இருந்தால் சான்றில்லை. ஒரு பிடி நெல் சில மூட்டைகளைக் கெடுத்துவிடும் என்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம். பழைய கோணிகளை உதறாமல் உபயோகிப்பதும் இத்தகையதே.

சுத்திகரிப்பு நிலையத்தில் சலித்துச் சுத்தம் செய்த பின்பு, விதைக் குவியலிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவர். நெல்லுக்குச் சுத்தம் நூற்றுக்கு 98-க்குக் குறையாமலும், முளைப்புத்திறன் 80-க்குக் குறையாமலும், ஈரம் 13-க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். மற்றப் பயிர்களுக்கு முளைப்புத்திறன் அளவு வேறுபடும். உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, ஒட்டல்லாத பருத்திக்கு 65 என்பன குறைந்தபட்ச எல்லைகள். நிலக்கடலைக்கு ஈரம் 9-க்கு மேற்படலாகாது. பருத்தி விதையில் 65 என்றால் குடியானவர் முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் ஒவ்வொரு பயிரின் இயல்பையும் சேமிப்பில் அதற்கு உண்டாகும் நலிவையும் கண்டே இவ்வெல்லைகள் குறிக்கப்பட்டன. நெல்லின் அளவைக் கடலையிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

இனி, மூட்டையின் வெளிப்புறம். இதுவே வாங்குபவர் நன்றாகப் படிக்கவேண்டிய பகுதி. வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் நிற அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், சான்று விதைக்கு நீல அட்டையும் குறிக்கப்பட்டுள்ளன. உற்பத்தியாளர் இடும் விபர அட்டை வெளிர் பச்சை. சான்று மூட்டையில் நீலமும் பச்சையும் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். பச்சை மாத்திரம் இருப்பின் அது உண்மை நிலை விதை என்று தெரிந்துகொள்க. பைகளின் மேல் அச்சிடும் வர்ணப் படங்களைக் குறித்து ஒரு வார்த்தை: கதிர் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்குச் சட்டத்தில் யாதொரு மதிப்பும் இல்லை. ‘பரிசோதிக்கப்பட்டது’, ‘உயர்தரம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அவ்வாறே. மதிப்புள்ளவை அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் குவியல் எண், இரகத்தின் பெயர், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, உற்பத்தியாளரின் பெயர், விலாசம் ஆகியனவே. விதைக்கு மருந்து கலந்திருந்தால் மருந்தின் பெயரும், உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய் எடுப்பதற்கும் உதவாது என்னும் எச்சரிக்கையும் இருந்தே தீரவேண்டும். மீந்துபோன மருந்து விதையைக் கோழிக்கு இறைப்பது கொடிய ஆபத்து. வீட்டிலுள்ள பெண்டிர் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைத்தல் அவசியம்.

காலாவதித் தேதியைப் பற்றிப் பலருக்கும் ஐயம் உண்டு. முதல் சான்றின் ஆயுள் பரிசோதித்த தேதியிலிருந்து ஒன்பது மாதம். ஜனவரி 10-ஆம் தேதி பரிசோதித்த குவியல், அக்டோபர் 9-ஆம் தேதியோடு காலாவதியாகும். அதன்பின் மீண்டும் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, அளவுகளுக்குக் குறையாமல் இருந்தால் ஆறு மாதம் நீட்டிப்பு உண்டு. நீட்டிக்கப்படாத விதையை அத்தேதிக்குப் பின் விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும், பண்டமாற்றாகக் கொடுப்பதும் விதிகளுக்கு விரோதம். தேதியைச் சுரண்டுவதும் மாற்றி ஒட்டுவதும் அவ்வாறே. மறுபுறம், குடியானவர் உரிய காலத்தில் வாங்கித் தம் வீட்டில் ஓராண்டு வைத்திருந்து விதைத்தால், அதன் பலாபலன் முழுவதும் அவர் பொறுப்பு என்று சான்றட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முத்திரையோ அட்டையோ கலைந்திருக்கும் மூட்டையை வாங்கலாகாது என்பதும் அதே அட்டையில் உள்ள வாசகம். 30 கிலோ சான்று மூட்டையைப் பிரித்து, வேண்டியவருக்கு வேண்டிய அளவு படியால் அளந்து கொடுக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. வாங்குபவருக்கு அது சௌகரியமாகத் தோன்றும். ஆனால் தையல் பிரிந்த அக்கணமே அது சான்று விதை என்னும் பெயரை இழந்துவிடுகிறது. பின்னால் தகராறு நேரிட்டால், அந்த மூட்டையிலிருந்துதான் அளந்தது என்று நிரூபிக்க ஒரு சாட்சியமும் இராது.

வியாபாரியின் கடமைகள் 1983-ஆம் ஆண்டு ஆணையில் சொல்லப்பட்டிருக்கின்றன. விதை விற்பவர், ஏற்றுமதி இறக்குமதி செய்பவர் யாவரும் உரிமம் பெறவேண்டும். கடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். அன்றன்றைக்கு உள்ள இருப்பும் விலையும் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதப்படவேண்டும். ரொக்கமாயினும் கடனாயினும், வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். பழகிய கடைக்காரரிடம் சீட்டுக் கேட்பது அவமதிப்பு என்று நம்மவர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்துக்குக் காரணமில்லை. சீட்டில் பயிர், இரகம், குவியல் எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். ‘நெல் விதை 1 மூட்டை’ என்று மாத்திரம் எழுதிய சீட்டு பிற்பாடு எதற்கும் உதவாது. விற்ற குவியல் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு வரையில் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டு விதிகளின் கட்டளை. அக்குவியலின் மாதிரியையும், முழுவதும் விற்றுத் தீர்ந்தபின் ஓராண்டு வரையில் வைத்திருக்கவேண்டும். நேர்மையான வியாபாரிக்கு இக்கணக்கே கவசம் என்பதை அவர்களுக்கும் சொல்லலாம். 2023 முதல் மத்திய அரசின் சாத்தி என்னும் கணினி ஏற்பாட்டின் மூலம், அட்டையில் உள்ள கட்டக் குறியைக் கைபேசியால் படித்து விதையின் மூலத்தை அறியவும் வழி செய்யப்பட்டு வருகிறது.

இங்கே மிராசுதார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘என் வயலில் விளைந்த நெல்லை அடுத்த ஊர்க்காரர் விதைக்குக் கேட்கிறார். நான் கொடுத்தால் குற்றமா?’ குற்றமன்று. ஒருவர் தாம் விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே, தாமே விதைக்கப்போகும் மற்றொருவருக்கு நேரில் விற்றாலும் கொடுத்தாலும், விதைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அதற்குப் பொருந்தாது என்று 24-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆயின் இச்சலுகையில் மூன்று நிபந்தனைகள் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். விதை சொந்தத்தில் விளைந்ததாயிருக்கவேண்டும். பங்காளியிடமிருந்து வாங்கி விற்றால் சலுகை இல்லை. விற்கும் இடம் தம்முடையதாயிருக்கவேண்டும். மூட்டையை வண்டியில் ஏற்றி வாரச் சந்தைக்குக் கொண்டுபோனால் சலுகை இல்லை. வாங்குபவர் விதைப்பவராயிருக்கவேண்டும், கடைக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. சட்டம் இவ்வாறு வரையறுத்ததில் நியாயம் இருக்கிறதென்றே எண்ணுகிறோம். உங்கள் களத்துக்கு வந்து வாங்குபவர் உங்கள் பயிர் நின்றதைப் பார்த்தவர், அல்லது பார்த்தவரைக் கேட்டறிந்தவர். விற்பவரும் நாளை அவர் முகத்தில் விழிக்கவேண்டியவர். சந்தையில் வாங்குபவருக்கோ கடையில் வாங்குபவருக்கோ இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. அந்த இடத்தில்தான் அட்டை தேவைப்படுகிறது.

2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இதற்கு மேலும் ஒரு வலுவைக் கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகிப் பாதுகாப்புப் பெற்ற இரகமாயினும், அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிர்ந்துகொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு என்று அதன் 39-ஆம் பிரிவு உறுதி செய்கிறது. விலக்கு ஒன்றே: பையிலிட்டு, அந்த இரகத்தின் பெயரை அட்டையில் எழுதி, வியாபாரச் சரக்காக விற்றல் கூடாது. ஆகவே அண்டை வீட்டாருக்குக் கோணியில் கட்டிக் கொடுப்பவரும், அச்சிட்ட பையில் அடைத்து விற்பவரும் சட்டத்தின் முன் ஒருவரல்லர். ஒட்டு விதைகளை மறுபடி விதைப்பது சட்டப்படி தடையன்று. ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிப்போவதால் அதில் பயனில்லை.

பாரம்பரிய நெல்வகைகளை விளைவிப்போர் இன்னொன்றை அறிந்திருத்தல் நலம். அறிவிக்கை செய்யப்படாத இரகத்துக்குச் சான்று பெற இயலாது. அதனால் அவ்விரகம் தாழ்ந்தது என்று பொருளில்லை. சான்றுத் துறையிடம் ஒப்பிட்டுப் பார்க்க அங்கீகரித்த குணக்குறிப்பு இல்லை என்பதே பொருள். அத்தகைய இரகங்களை உழவர் இரகமாக மேற்கூறிய 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது.

விதை ஆய்வாளர் கடைக்கோ கிடங்குக்கோ வந்து மாதிரி எடுக்கும்போது, எடுக்கப்போவதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை மூன்று பாகமாக்கி முத்திரையிடவேண்டும். ஒரு பாகம் உடையவரிடம் கொடுக்கப்படும். ஒன்று பரிசோதனை நிலையத்துக்குச் செல்லும். மூன்றாவது, பிற்பாடு வழக்கு நேர்ந்தால் நீதிமன்றத்தின் பொருட்டு வைத்திருக்கப்படும். சந்தேகத்துக்கு இடமான இருப்பை 30 நாட்களுக்கு மேற்படாமல் விற்பனை செய்யாது நிறுத்திவைக்க எழுத்து மூலம் உத்தரவிடவும் ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காலத்தில் விதைப்பு வேகமாக நடந்துகொண்டிருக்கும். வியாபாரிகள் இதனால் நஷ்டம் என்று முறையிடுவர். ஆனால் கெட்ட விதை ஒருமுறை கடையை விட்டு வெளியேறிவிட்டால் அதை வயல்களிலிருந்து திரும்பச் சேகரிக்க ஒருவராலும் ஆகாது. ஆகையால் இந்த அதிகாரத்தைத் தயங்காமல் உபயோகிப்பதே முறை.

நிற்க. விதைத்தது முளைக்கவில்லை, அல்லது முளைத்தது வேறு இரகமாயிருக்கிறது. அப்போது குடியானவர் செய்யவேண்டியது யாது? விதிகளின் 23-அ பிரிவு இதற்கென்றே உள்ளது. பயிர் பொய்த்ததற்கு விதையின் குறையே காரணம் என்று குடியானவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், விதை ஆய்வாளர் அவரிடமுள்ள அட்டைகளையும், பைகளையும், மிச்சமிருக்கும் விதையில் கூடிய அளவு மாதிரியையும் தம் வசம் எடுத்துக்கொண்டு, அதே குவியலின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, காரணத்தை விசாரித்து அறிக்கை கொடுக்கவேண்டும். விதை குறைந்தபட்ச அளவுகளுக்குக் கீழானது என்று கண்டால் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும். இப்பிரிவின் முதல் சொல்லைக் கவனியுங்கள்: அட்டைகள், பைகள். நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்த அன்றே தையலைக் கத்தியால் அறுத்து, அட்டையை வாய்க்கால் கரையில் எறிந்துவிடுவதே நம் நாட்டு வழக்கம். பையோ மறுநாள் எருச் சுமக்கப் போய்விடுகிறது. பின்னர் என்ன விசாரித்தாலும் எந்தக் குவியல் என்பதே விளங்காது. ஆகவே அட்டையையும் சீட்டையும் அறுவடை முடியும் வரையில் பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கவும். ஒரு பிடி விதையை, மருந்திட்டதாயின் உறையில் அவ்வாறே எழுதி, உலர்ந்த இடத்தில் வைத்திருப்பது இன்னும் உத்தமம்.

விதைக்கு முன் வீட்டிலேயே முளைப்புப் பார்த்துக்கொள்வதும் மிக எளிது. பரிசோதனை நிலையத்தில் 100 வீதம் நான்கு தடவை, ஆக 400 விதைகளை முளைக்கவைத்து, நெல்லானால் பதினான்காம் நாள் கடைசி எண்ணிக்கை எடுப்பர். வீட்டில் அவ்வளவு வேண்டியதில்லை. நனைத்துப் பிழிந்த கோணித் துணியில் 100 மணிகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் உலராமல் வைத்திருந்து, வேரும் குருத்தும் செவ்வையாக உள்ளவற்றை மாத்திரம் எண்ணவும். ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். புதிதாக அறுத்த நெல்லில் சில இரகங்களுக்கு விதை உறக்கம் உண்டாதலால், அவை முளைக்கத் தாமதித்தால் உடனே குறை கூறலாகாது.

விதை ஆய்வாளர் வருவதற்குள் பயிர் நிலை மாறிவிடக்கூடும். இங்கேதான் கிராம நிர்வாக அலுவலர்களின் உதவி மிகவும் வேண்டப்படுகிறது. புகார் கொடுத்தவரின் புல எண், விதைத்த தேதி, பரப்பு ஆகியவற்றை அடங்கலோடு ஒப்பிட்டுக் குறித்துவைப்பதோடு, அதே குவியல் விதையை அவ்வூரில் வேறு யார் யார் விதைத்தனர், அவர்கள் வயல் எவ்வாறு இருக்கிறது என்பதையும் விசாரித்து எழுதிவைத்தால் வழக்கின் பாதி தெளிந்துவிடும். ஒரே குவியல் ஐந்து வயல்களில் ஒரேவிதமாகக் கெட்டிருந்தால் விதையின் மேல் சந்தேகம் வலுப்படும். நான்கில் செழித்து ஒன்றில் மாத்திரம் கெட்டிருந்தால், நீர், உப்பு, பூச்சி, நாற்றங்கால் பக்குவம் முதலியவற்றை முதலில் ஆராயவேண்டும். பருவம் மாறி விதைத்ததும் அடிக்கடி விதையின் மேல் பழியாக வந்து விழுகிறது. பகல் குறுகினால்தான் பூக்கும் நீண்டகாலச் சம்பா இரகத்தைக் கோடையில் விதைத்துவிட்டுக் கதிர் வரவில்லை என்று முறையிட்டால், விதையில் யாதொரு குற்றமும் இல்லை. கிராம அலுவலர் எந்தப் பக்கமும் சாயாமல், கண்டதை மாத்திரம் தேதியோடு எழுதுவதே இருதரப்பாருக்கும் நன்மை.

தண்டனையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். 1966-ஆம் ஆண்டு சட்டம் இயற்றிய காலத்தில் விதித்த தண்டம், முதற் குற்றத்துக்கு 500 ரூபாய் வரையில் அபராதம். மறுமுறை செய்தால் ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். அக்காலத்தில் அது ஓரளவு பெருந்தொகை; பிற்காலத்தில் ஒரு மூட்டை ஒட்டு விதையின் விலைக்கும் அது ஈடாகவில்லை. வியாபாரிகள் மெய்யாக அஞ்சுவது அபராதத்துக்கன்று, 1983-ஆம் ஆண்டு ஆணைப்படி உரிமம் ரத்தாவதற்கும் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கடுமைக்குமே. அபராதம் எவ்வளவானாலும் அது அரசுக்குச் செல்வதேயன்றி, நஷ்டமடைந்தவரின் கைக்கு வருவதில்லை என்பது இச்சட்டத்தில் நெடுங்காலமாக உணரப்பட்ட குறை. நஷ்ட ஈடு வேண்டுவோர் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். விதைச் சட்டம் இருப்பதனால் அவ்வழி அடைபடவில்லை என்றும், குடியானவர் வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவது இயல்பாதலின் பரிசோதனைக்கு அவரிடம் விதை மிச்சமில்லை என்பதால் மாத்திரம் அவர் வழக்குத் தோற்காது என்றும் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு பெற்ற இரகம், உடையவர் சொன்ன பலனைத் தராவிட்டால் ஈடு கோர 2001-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடமுண்டு. இவ்விரு வழிகளிலும் முதலில் கேட்கப்படுவது விலைச்சீட்டும் அட்டையுமே.

2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதாவின் நகலொன்றைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இதற்கு முன்னர் 2004-லும் ஒரு மசோதா பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டதுண்டு. தண்டமும் பதிவு முறையும் மாறக்கூடுமாகையால், விதைப்பண்ணை வைப்போரும் உரிமம் பெற விரும்புவோரும், அவ்வப்போது நடப்பிலுள்ள கட்டணங்களையும் படிவங்களையும் தங்கள் வட்டாரத்து விதைச்சான்று அலுவலகத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ நேரில் கேட்டறிந்துகொள்ளவேண்டும். விதைப்பறிக்கையைப் பூக்கும் தருணம் வரையில் தள்ளிப்போட்டு, கடைசி நாளில் கொண்டுவருவோரின் வயல்களை உரிய பருவத்தில் ஆய்வு செய்ய முடிவதில்லை. நாற்று நட்டு வேர் பிடித்ததும் மனுக் கொடுப்பது போதுமான அவகாசம் தரும்.